தொண்டைப் புண்ணுக்குப் பிறகு குழந்தை திடீரென்று மாறிவிட்டால்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை வரை தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஏழு வயதுக் குழந்தை புதன்கிழமை கையைக் கழுவப் போனால் குழாயை மூட முடியாமல் அழுகிறது. அம்மா பக்கத்து அறைக்குப் போனாலே அலறுகிறது. சோற்றில் ஏதோ இருக்கிறது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று தட்டைத் தள்ளிவிடுகிறது. அரை மணிக்கு நாலு தடவை சிறுநீர் கழிக்க ஓடுகிறது. கண் தானாகச் சிமிட்டுகிறது, தோள் குலுங்குகிறது. பாட்டி திருஷ்டி என்கிறார், பள்ளியில் செல்லம் அதிகமாகிவிட்டது என்கிறார்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் வந்துபோன காய்ச்சலும் தொண்டை வலியும் அதற்குள் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்.

அந்தத் தொண்டை வலிக்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கலாம். 1998இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் சூசன் ஸ்வீடோவும் அவருடன் பணியாற்றியவர்களும் இப்படிப்பட்ட 50 குழந்தைகளைப் பற்றி எழுதி, இதற்குப் ‘பாண்டாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்ட்ரெப் கிருமித் (தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா) தொற்றை ஒட்டி, பூப்பெய்தும் வயதுக்கு முன், ஓசிடியோ (விடாத எண்ணமும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதும்) டிக் அசைவுகளோ (கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போலத் தானாக வருபவை) சட்டென்று தொடங்குவதுதான் அதன் அடையாளம். ஸ்ட்ரெப் அல்லாத காரணங்களால் வருவதையும் சேர்த்து, பின்னாளில் ‘பான்ஸ்’ என்று பொதுவாகச் சொல்லத் தொடங்கினார்கள். அதில் ஓசிடியோ கடுமையான உணவு மறுப்போ திடீரென்று தொடங்கியிருக்க வேண்டும். கூடவே பதற்றம், எரிச்சல், வயதுக்குக் குறைந்த மழலை நடத்தை, படிப்பில் சறுக்கல், கையெழுத்து கெடுவது, தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழிப்பது போன்றவற்றில் குறைந்தது இரண்டு வகையாவது அதே நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

‘திடீரென்று’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த நோயைத் தனியாக உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. தேதிகளை வைத்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். அந்தத் தேதிகள் உங்களிடம்தான் இருக்கின்றன.

இன்றிரவே செய்ய வேண்டியது

ஒரு நோட்டில் கடந்த மூன்று மாதத்தைப் பின்னோக்கி எழுதுங்கள். காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் சிவந்த சொரசொரப்பான தடிப்பு, தோல் புண், ஆசனவாயைச் சுற்றிச் சிவப்பு: எது எந்த வாரம் வந்தது, என்ன மருந்து எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று குறியுங்கள். நாள் நினைவில்லையென்றால் செல்போனைத் துழாவுங்கள். மருந்துக் கடை பில், பள்ளி வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பிய விடுப்புச் செய்தி, பிறந்த நாள் படங்கள் என்று ஏதாவது ஒன்று நாளைச் சொல்லிவிடும்.

அடுத்து, குணம் மாறிய முதல் நாளை எழுதுங்கள். “கொஞ்ச நாளா” என்று எழுதினால் மருத்துவருக்கு உதவாது. “12ஆம் தேதி இரவு சாப்பாட்டின்போது முதல் தடவை” என்று எழுதினால் உதவும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போனதா, ஆறு மாதமாக மெல்ல மெல்ல ஏறியதா என்பதையும் நேர்மையாக எழுதுங்கள். மெல்ல ஏறியது என்றால் அது வழக்கமான ஓசிடியாகவோ டிக்காகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு, வழிதான் வேறு. தேதியை வளைத்து எழுதினால் குழந்தைக்குத் தேவையில்லாத மருந்துதான் போய்ச் சேரும்.

பள்ளி நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதி போட்ட பழைய பக்கத்தையும் இந்த வாரத்துப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எழுத்து பெரிதாகி, கோணலாகி, கோட்டை விட்டு இறங்கியிருந்தால் அது வலுவான தடயம். கூடவே ஒரு சுருள்வட்டம் வரையச் சொல்லி, தேதி போட்டு வையுங்கள். வாரம் ஒரு முறை அதையே வரையச் சொன்னால் முன்னேற்றமும் கண்ணுக்குத் தெரியும். டிக் அசைவுகளை 30 விநாடி காணொளியாக எடுங்கள், ஆனால் குழந்தைக்குத் தெரியாமல் எடுங்கள். எடுப்பது தெரிந்தால் அசைவு கூடலாம், அல்லது அடங்கிவிடலாம். மருத்துவர் அறையில் பல குழந்தைகள் சமர்த்தாக உட்கார்ந்துவிடும் என்பதால் இந்தக் காணொளி உங்களுக்குத் தேவைப்படும்.

அன்றாடக் குறிப்புக்கு ஐந்து எண் போதும்: சடங்குபோல ஒன்றையே திரும்பச் செய்வதில் போன மணி நேரம், தூங்கிய மணி நேரம், சிறுநீர் கழித்த தடவை, சாப்பிட்டதன் அளவு (வழக்கத்தில் பாதி, கால் என்று), பயத்தின் அளவு 0 முதல் 10 வரை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள்

வலிப்பு வந்தால், குழந்தை மயங்கினாற்போல் கிடந்தால், பேச்சு குறைந்துகொண்டே போனால், வாயும் முகமும் விசித்திரமாக அசைந்தால், கை கால் பலம் இழந்தால், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மூளை அழற்சி நோய்களும் முதலில் ‘குணம் மாறிவிட்டது’ என்ற முகத்தோடுதான் வருகின்றன. தண்ணீரும் குடிக்காமல் எட்டு மணி நேரத்துக்குச் சிறுநீர் போகவில்லை என்றாலும் அப்படித்தான். “செத்துப்போகணும்” என்று குழந்தை சொன்னால், ஆறு வயதுக் குழந்தை சொன்னாலும், அதை அப்படியே நம்புங்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் பேசலாம். ஆபத்து கண்முன் இருந்தால் 108.

தொண்டையைப் பார்ப்பதும் ஸ்வாப் எடுப்பதும்

ஸ்ட்ரெப் தொண்டைப் புண் சளிக்காய்ச்சல் மாதிரி இருக்காது. மூக்கொழுகல், இருமல், கரகரப்பு இருந்தால் பெரும்பாலும் அது வைரஸ். இருமல் இல்லாமல் காய்ச்சல், எச்சில் விழுங்கவே வலி, டான்சிலில் வெள்ளைப் படலம், தாடைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கிற மாதிரி நெறி கட்டியிருப்பது: இவை சேர்ந்து வந்தால் ஸ்ட்ரெப்பைச் சந்தேகிக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் தொண்டையைச் சொல்லாமல் வயிற்று வலி என்று சொல்லும், வாந்தி எடுக்கும். எச்சில் வடிய, மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வாயில் மட்டும் கரண்டிக் காம்பை வைத்துப் பார்க்காதீர்கள். மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. நேரே மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

குணமாற்றம் தொடங்கியபோது தொண்டை வலி இல்லையென்றாலும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தேய்த்து எடுக்கும் மாதிரி) எடுக்கக் கேளுங்கள். வலியில்லாமலே கிருமி தங்கியிருக்கலாம். நம் ஊரில் காரியம் கெடுவது ஒரு இடத்தில்தான். மருந்துக் கடையில் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் மருத்துவரிடம் போவார்கள். முதல் வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு எடுக்கும் கல்ச்சருக்கு (மாதிரியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) மதிப்புக் குறைவு. கிருமி செத்துப் பரிசோதனை ‘இல்லை’ என்று வரும், பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. ஸ்வாப் முதலில், மருந்து அப்புறம்.

ஸ்வாப் குச்சி இரண்டு டான்சிலிலும் தொண்டையின் பின்சுவரிலும் அழுத்தித் தேய்க்கப்பட வேண்டும். குழந்தைக்கு ஒரு முறை குமட்டினால் சரியாக எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாக்கையும் கன்னத்தையும் தொட்டுவிட்டு வெளியே எடுத்த ஸ்வாபின் ‘நெகட்டிவ்’ முடிவை நம்ப முடியாது. நிமிடங்களில் முடிவு சொல்லும் ரேபிட் டெஸ்ட் எல்லா லேபிலும் கிடைப்பதில்லை. கிடைத்து, ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் குழந்தைகளுக்குக் கல்ச்சரும் போட வேண்டும். அதன் முடிவுக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். ஆசனவாயைச் சுற்றிப் பளிச்சென்று சிவந்து, அரித்து, மலம் கழிக்கும்போது வலித்தால் அங்கும் ஒரு ஸ்வாப் கேளுங்கள். அந்த இடத்தில் ஸ்ட்ரெப் குடியிருப்பது பலரும் கவனிக்காமல் விடும் விஷயம்.

ஏஎஸ்ஓ எண்ணை எப்படிப் படிப்பது

ஏஎஸ்ஓ என்பது ஸ்ட்ரெப்பை எதிர்க்க உடம்பு உருவாக்கும் ஓர் ஆன்டிபாடியை (எதிர்ப்புப் பொருளை) ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை. ஏஎஸ்ஓ 400 என்று அறிக்கை வந்ததும் பதறுகிறவர்களும் உண்டு, ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று நிம்மதியாகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. அந்த எண் சொல்வது, கடந்த சில மாதங்களில் எப்போதோ உடம்பு ஸ்ட்ரெப்பைச் சந்தித்தது என்பதை மட்டும்தான். பல லேப்கள் அச்சிடும் 200 என்ற எல்லை பெரியவர்களுக்குப் பொருந்தும். பள்ளிக்குப் போகும் ஆரோக்கியமான குழந்தைகளில் பலர் அதைத் தாண்டித்தான் இருப்பார்கள்.

எண் ஏறுகிறதா என்பதே கேள்வி. தொற்று வந்து ஒரு வாரத்தில் ஏஎஸ்ஓ ஏறத் தொடங்கி, 3 முதல் 6 வாரத்தில் உச்சம் தொடும். ஆன்டி-டிஎன்ஏஸ் பி என்ற இதே வகை இன்னொரு பரிசோதனையின் எண் அதைவிடத் தாமதமாக, 6 முதல் 8 வாரத்தில் உச்சம் தொடும். ஆகவே அறிகுறி தொடங்கிய உடனே ஒரு முறை, 4 முதல் 6 வாரம் கழித்து இன்னொரு முறை, அதே லேபில் ரத்தம் கொடுங்கள். முதல் முடிவுக்கும் இரண்டாம் முடிவுக்கும் நடுவே தெளிவான ஏற்றம் இருந்தால் அது புதிய தொற்று. இரண்டு முறையும் ஒரே உயரத்தில் இருந்தால் பழையது. தொண்டையில் ஸ்ட்ரெப் வந்தும் சில குழந்தைகளுக்கு ஏஎஸ்ஓ ஏறுவதே இல்லை. தோல் புண்ணால் வந்த தொற்றில் பெரும்பாலும் ஏறாது, அங்கே டிஎன்ஏஸ் பி தான் காட்டிக்கொடுக்கும். கல்ச்சர் ‘பாசிட்டிவ்’ என்பதும் முடிந்த முடிவல்ல. பள்ளி வயதில் சுமார் பத்தில் ஒரு குழந்தை நோயே இல்லாமல் இந்தக் கிருமியைத் தொண்டையில் சுமந்துகொண்டு திரியும்.

மூளை ஆன்டிபாடித் தொகுப்பு என்று பெருந்தொகை வாங்கிச் செய்யும் பரிசோதனைகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஸ்வீடனில் சோதித்துப் பார்த்தபோது நோயில்லாத மனிதர்களில் பெரும்பாலோருக்கும் அது ‘கோளாறு’ என்றே காட்டியது. அடிக்கடி சிறுநீர் போகிறது என்றால் சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தச் சர்க்கரையும் மட்டும் கட்டாயம். நீரிழிவையோ சிறுநீர்த் தொற்றையோ மனப் பிரச்சினை என்று தவற விட்டுவிடக் கூடாது.

இதயத்தை மறக்காதீர்கள்

நம் நாட்டில் இந்தப் பேச்சில் முதலில் வர வேண்டியது இதுதான் என்பது எங்கள் கருத்து. ஸ்ட்ரெப்புக்குப் பிறகு மூளை பாதிக்கப்படுவதில் மிகப் பழையதும் சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்பட்டதும் சிடன்ஹாம் கொரியா. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் பெயரால் அழைக்கப்படும் இது, ருமாட்டிக் காய்ச்சலின் (ஸ்ட்ரெப்புக்குப் பிறகு வந்து இதய வால்வையும் கெடுக்கக்கூடிய நோய்) ஒரு முகம். கை கால்கள் நோக்கமில்லாமல் நெளியும், டம்ளர் கைநழுவும், பேச்சு குழறும். இதற்குச் சில வாரம் முன்பே எரிச்சலும் அழுகையும் ஓசிடியும் தலைகாட்டும். இந்தியாவில் ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் ஒழியவில்லை.

வீட்டில் பார்க்கக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. உங்கள் இரண்டு விரலைக் குழந்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். பிடி ஒரே சீராக இல்லாமல், மாட்டில் பால் கறப்பதுபோல் இறுகி இறுகித் தளர்ந்தால் சந்தேகம். நாக்கை நீட்டி 10 விநாடி அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். வைத்திருக்க முடியாமல் உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தால் சந்தேகம். இரண்டில் ஒன்று தெரிந்தாலும் குழந்தை நரம்பியல் மருத்துவரையும், எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனைக்கு இதய மருத்துவரையும் பாருங்கள். மார்பில் ஸ்டெத் வைத்தால் சத்தம் கேட்காத வால்வுக் கசிவும் எக்கோவில் தெரியும். தொற்றுக்கும் கொரியாவுக்கும் நடுவே சில மாதங்கள்கூட ஓடியிருக்கலாம் என்பதால் ஏஎஸ்ஓ இயல்பாக இருப்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். கொரியா உறுதியானால் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு பென்சத்தீன் பெனிசிலின் ஊசி பல ஆண்டு போட வேண்டியிருக்கும். ஒரு ஊசியைத் தவற விடுவதும் வால்வோடு விளையாடுவதுதான்.

ஆன்டிபயாடிக்: பத்து நாள் என்றால் பத்து நாள்

ஸ்ட்ரெப் உறுதியானால் மருந்து எளிமையானது: பெனிசிலின் அல்லது அமாக்ஸிசிலின். அமாக்ஸிசிலின் வழக்கமான அளவு எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், அதிகபட்சம் 1000 மில்லிகிராம், 10 நாள். அளவை எழுதித் தர வேண்டியவர் மருத்துவர். நீங்கள் சரிபார்க்க ஒரு கணக்கு: 20 கிலோ குழந்தைக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் காலை 10 மில்லி, இரவு 10 மில்லி. 60 மில்லி பாட்டில் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். ‘பாட்டில் முடிந்தது, கோர்ஸ் முடிந்தது’ என்று பல வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். முதல் நாளே பத்து நாளுக்கான பாட்டில்களை வாங்குங்கள், ஆனால் ஒவ்வொன்றாகக் கலக்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றிக் குலுக்குங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள்.

குழந்தை வாயே திறக்கவில்லை என்றால் ஒரே ஒரு பென்சத்தீன் பெனிசிலின் ஊசியால் முடிக்கலாம். 27 கிலோவுக்குக் கீழ் 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம். பெனிசிலின் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வேறு மருந்து உண்டு. முன்பு ஏதாவது மருந்துக்குத் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ரெப் தொற்று இல்லாத குழந்தைக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பது வேறு கதை. அதற்கு ஆதாரம் பலவீனம். வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிஞ்சும்.

மனத்துக்கான சிகிச்சை காத்திருக்கக் கூடாது

‘கிருமிதானே காரணம், மருந்து முடிந்தால் சரியாகிவிடும்’ என்று பத்து நாள் காத்திருந்துவிட்டு, பிறகு இன்னொரு பத்து நாள் காத்திருக்கிறார்கள். அதற்குள் ஓசிடி வீட்டின் சட்டமாகிவிடுகிறது. அம்மா எல்லாப் பாத்திரத்தையும் மூன்று முறை கழுவுகிறார், அப்பா செருப்பைத் தெருவிலேயே விடுகிறார், “ஒண்ணும் ஆகாதுதானே?” என்ற கேள்விக்கு நாளைக்கு நூறு முறை பதில் சொல்கிறார்கள். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குத் தீனி போடுகிறது.

ஓசிடிக்குச் சிறந்த பேச்சு வழிச் சிகிச்சை, பயத்தைச் சிறு சிறு படியாக எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் தாங்கப் பழக்குவது. குழந்தை மனநல மருத்துவரோ பயிற்சி பெற்ற உளவியலாளரோ வழிகாட்ட வேண்டும். சந்திப்புக்கு நாள் கிடைக்கும் வரை வீட்டில் இப்படித் தொடங்கலாம். எந்தெந்தச் சடங்கில் நீங்கள் கூட்டுச் சேர்கிறீர்கள் என்று பட்டியல் போட்டு, இருப்பதிலேயே எளிதான ஒன்றை மட்டும் எடுங்கள். கேள்விக்கு நூறு பதில் என்றால் ஒரு பதிலோடு நிறுத்துங்கள்: “உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது கண்ணு. ஒரு தடவை சொல்லிட்டேன். இப்போ பயம் தானா இறங்குற வரைக்கும் நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.” அழுகை முதலில் கூடும். அங்கே இளகிப்போய்ப் பழையபடி பதில் சொன்னால், இன்னும் பலமாக அழ வேண்டும் என்று ஓசிடி கற்றுக்கொள்ளும். அடிப்பதும் அதட்டுவதும் வேண்டவே வேண்டாம். குழந்தை வேண்டுமென்று செய்யவில்லை.

மாத்திரை தேவைப்பட்டால் எஸ்எஸ்ஆர்ஐ வகையை (ஓசிடிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் மருந்து வகை) மருத்துவர் தருவார். இந்தக் குழந்தைகள் அதற்குக் கூடுதலாகக் கிளர்ச்சியடையக்கூடும் என்பதால் வழக்கமானதைவிடக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவது நல்லது. தொடங்கிய முதல் வாரங்களில் தூக்கமே இல்லாமல் துறுதுறுப்பு, தற்கொலைப் பேச்சு தெரிந்தால் அன்றே அழையுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். அழற்சியைத் தணிக்கச் சிலர் ஐபுபுரோஃபென் தருவார்கள். காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியாமல் அதைக் கொடுக்கக் கூடாது.

கடுமையான நிலைக்கு ஸ்டீராய்டு, ஐவிஐஜி (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளை நரம்பில் ஏற்றுவது), பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப் பகுதியை எடுத்துவிட்டு மாற்றுவது) பற்றிக் கேள்விப்படுவீர்கள். 1999இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஐவிஐஜிக்கும் பிளாஸ்மா மாற்றத்துக்கும் நல்ல பலன் சொன்னது. 2016இல் 35 குழந்தைகளிடம் நடந்த ஐவிஐஜி ஆய்வில் போலி மருந்துக்கும் அதற்கும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. நகையை அடகு வைத்து அதற்குப் போகும் முன் குழந்தை நரம்பியல், குழந்தை மனநலம் இரண்டும் ஒரே கூரையில் உள்ள இடத்தில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்கள் அதற்கு இருக்கின்றன. டான்சிலை எடுத்தால் தீரும் என்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை. காது மூக்கு தொண்டைக் காரணம் தனியாக இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

மருத்துவர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

ஒருவர் ‘இது பாண்டாஸ்’ என்பார், இன்னொருவர் ‘அப்படி ஒன்று இல்லை’ என்பார். குழம்ப வேண்டாம், இரண்டு பக்கமும் தரவு இருக்கிறது. ஸ்ட்ரெப்பின் உறையிலுள்ள சர்க்கரைப் பொருள் மூளைச் செல்லில் உள்ள ஒன்றைப்போல் இருப்பதால், கிருமியை எதிர்க்க உருவான ஆன்டிபாடி, அசைவையும் பழக்கத்தையும் சீர்செய்யும் பேசல் கேங்கிலியா பகுதியைத் தாக்குகிறது என்பது ஒரு விளக்கம். கொரியாவில் அது நன்றாகப் பொருந்துகிறது. டென்மார்க்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டபோது, ஸ்ட்ரெப் ‘பாசிட்டிவ்’ ஆனவர்களுக்கு ஓசிடி ஆபத்து சுமார் 50 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. ஆனால் ஸ்ட்ரெப் அல்லாத தொண்டைத் தொற்றுக்குப் பிறகும் ஆபத்து ஓரளவு கூடியிருந்தது. ஏற்கெனவே டிக் உள்ள 700க்கும் மேற்பட்ட ஐரோப்பியக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெப் தொற்றுக்கும் டிக் கூடுவதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஓசிடி சாதாரணமாகவே அரிதல்ல, தொண்டைத் தொற்றோ இன்னும் சகஜம். இரண்டும் தற்செயலாக ஒரே மாதத்தில் வரலாம். பத்து வயதுக் குழந்தைக்குக் கண் சிமிட்டல் மட்டும் வந்து போகிறது என்றால் ஏஎஸ்ஓ எடுக்கத் தேவையே இல்லை.

பள்ளியும் சாப்பாடும்

ஆசிரியரிடம் நோயின் பெயரைவிடத் தேவையைச் சொல்லுங்கள்: கேட்காமல் கழிவறைக்குப் போக அனுமதி, எழுத்து வேலையில் பாதி, தேர்வில் கூடுதல் நேரம், டிக்கைச் சுட்டிக்காட்டிக் கண்டிக்காமல் இருப்பது. இதை மருத்துவர் கடிதமாக வாங்கிக் கொடுங்கள். பள்ளியை முழுதாக நிறுத்தினால் திரும்பப் போவதே தனிப் பயமாகிவிடும். ஒரு மணி நேரமாவது போய்வரட்டும்.

அடைத்துக்கொள்ளும் என்று பயப்படும் குழந்தைக்கு இட்லியைத் திணிக்காதீர்கள். ராகிக் கூழ், பருப்புத் தண்ணீரோடு குழைத்த சாதம், மோர், பழக்கூழ் என்று விழுங்க எளிதானவற்றில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு படி கெட்டியாக்குங்கள். வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள். இறங்கிக்கொண்டே போனால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

கோயிலில் அர்ச்சனையும் தர்காவில் ஓதுவதும் உங்கள் மன பலத்துக்கு நல்லதே. அதற்காக ஸ்வாபை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தையைக் கட்டி வைப்பதற்கோ அடிப்பதற்கோ புகை போடுவதற்கோ யார் சொன்னாலும் விடாதீர்கள்.

அடுத்த தொண்டை வலி வரும்போது

இது வந்து வந்து போகும் நோய். தேறிய குழந்தைக்கு அடுத்த தொற்றில் திரும்பலாம். ஒரு அட்டையில் குழந்தையின் எடை, மருந்து ஒவ்வாமை, முதல் முறை தொடங்கிய தேதி, கடைசி ஏஎஸ்ஓ எண்ணும் அதன் தேதியும், எக்கோ முடிவு இவற்றை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் யாருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தாலும் அவருக்கும் ஸ்வாப் எடுங்கள். குழந்தைக்கு வந்தால் முதல் நாளே, எந்த மாத்திரையும் கொடுக்கும் முன்பே எடுங்கள். தொற்று இல்லாமலே பழைய சடங்கு ஒன்று தலைகாட்டினால், முன்பு கற்ற படிகளை அன்றைக்கே மறுபடி தொடங்குங்கள். இரண்டாம் முறை குழந்தைக்கும் வழி தெரிந்திருக்கும்.